பொத்தையில் 120 வில்லா வந்தால் ஊரிலிருந்து என்ன தெரியும்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தென்காசி மாவட்டத்தில் கடையத்துக்கும் ஆழ்வார்குறிச்சிக்கும் இடைப்பட்ட ஓர் ஊர். ஊருக்கு மேற்கே, பெரிய மலைக்கு முன்னால் தனியாகத் துருத்தி நிற்கும் ஒரு பொத்தை, அதாவது சிறு குன்று. அதன் கிழக்குச் சரிவில் 40 ஏக்கர் பட்டா நிலத்தில் தலா 1,700 சதுர அடியில் 120 வில்லா வரப்போகிறது. நிறுவனத்தார் ஊர்க்கூட்டத்தில் காட்டிய அறிக்கையில் நான்கு படங்களும், ‘காட்சிப் பாதிப்பு குறைவு’ என்று ஒரு வரியும் இருக்கின்றன. அது உண்மையா, மலையின் தோற்றம் கெடுகிறது என்பதை மட்டும் சொல்லி ஆட்சேபிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். உங்கள் வீட்டு மாடியிலிருந்து மலை தெரிய வேண்டும் என்பது சட்டப்படி உங்கள் உரிமை ஆகாது. 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டம் 20 வருஷம் தடையில்லாமல் அனுபவித்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் இடம் கொடுக்கிறது. கண்ணுக்கினிய காட்சிக்குக் கொடுப்பதில்லை. அதனால் ‘என் வீட்டிலிருந்து மலை மறைகிறது’ என்று மனு எழுதினால் அது ஃபைலில் தூங்கும். ஊர்ப் பொதுவில் எல்லாரும் பார்க்கிற குளத்துக்கரை, ரோடு, கோயில் வாசல் ஆகிய இடங்களிலிருந்து என்ன ஆகிறது என்று எழுதுங்கள். அதற்குப் பிடிமானம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையோடு கட்டுமானத் திட்டங்களுக்கென்றே வந்த படிவம் 1-ஏ-யில் அழகியல் என்று தனியாக ஒரு பகுதி உண்டு. இந்தக் கட்டுமானம் காட்சியையோ இயற்கைத் தோற்றத்தையோ மறைக்குமா, மறைக்கும் என்றால் அதைக் கணக்கில் எடுத்தீர்களா என்று அது நேராகவே கேட்கிறது. பெரும்பாலான விண்ணப்பங்களில் அந்த இடத்தில் ‘இல்லை’ என்று ஒற்றைச் சொல் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சரி, உங்கள் திட்டம் அந்த அறிவிக்கைக்குள் வருகிறதா? கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் மாநில அளவிலான சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டும். 120 வில்லாவை 1,700-ஆல் பெருக்கினால் 2,04,000 சதுர அடி. 20,000 சதுர மீட்டர் என்பது சுமார் 2,15,000 சதுர அடி. பதினோராயிரம் சதுர அடிதான் குறைகிறது. இது தற்செயலாக இருக்கலாம், நான் அப்படி நம்ப மாட்டேன். கட்டடப் பரப்பு என்றால் எல்லாத் தளங்களும், அடித்தளமும், பயன்பாட்டுக் கட்டடங்களும் சேர்ந்த மொத்தம். கிளப் ஹவுஸ், மோட்டார் அறை, ஜெனரேட்டர் அறை, காவலர் அறை, விருந்தினர் அறைகள் என்று கூட்டிப் பாருங்கள். ‘முதல் கட்டம்’ என்ற வார்த்தை பிரசுரத்தில் எங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள். திட்டத்தைக் கட்டம் கட்டமாக உடைத்து வரம்புக்குக் கீழே காட்டுவது பழைய வழக்கம். அனுமதி தேவைப்பட்டாலும் இந்த வகைத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. அதனால் எழுத்தில் கொடுப்பதுதான் ஒரே வழி.

இதைத் தவிர ‘ஹாகா’ என்று சொல்லும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது. 1990ஆம் ஆண்டு அரசாணையில் மலைப்பகுதிக் கிராமங்களின் பட்டியல் உண்டு. உங்கள் வருவாய்க் கிராமம் அதில் இருந்தால் லேஅவுட்டுக்கு வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்று வேண்டும். பட்டா நிலம் என்பதால் மட்டும் இதிலிருந்து தப்ப முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல் உணர்திறன் பகுதிக்கான வரைவு 2024 ஜூலையில் ஆறாவது முறையாக வெளியானது. அதன் பட்டியலில் இருக்கும் ஊர்களில் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானத்துக்குத் தடை என்று அது சொல்கிறது. வரைவை வைத்து யாரையும் நிறுத்த முடியாது, ஆனாலும் மனுவில் குறிப்பிடலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ‘பாதிப்பு குறைவு’ என்பதை அந்த அறிக்கை நிரூபிக்கவில்லை. பொய் என்று நான் சொல்லவில்லை, அளக்க வேண்டியதை அளக்கவில்லை என்கிறேன்.

அறிக்கையின் வாதம் இப்படிப் போகிறது: மலை 1,000 மீட்டர், வில்லா 9 மீட்டர், ஆகவே நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கணக்கு சரிதான். 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குளத்துக்கரையில் நின்று கையை நீட்டி அளந்தால் 9 மீட்டர் உயர வீடு 2 மில்லிமீட்டர்கூட வராது. ஆனால் கட்டப்போவது ஒரு வீடு இல்லையே. வரிசை 600 மீட்டர் நீளத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே குளத்துக்கரையில் அதே கையை நீட்டினால் அது 12 சென்டிமீட்டர், அதாவது அரைச் சாண். மலையில் நேர்க்கோடு எங்கும் கிடையாது. அங்கே அரைச் சாண் நீளத்துக்கு ஒரே மட்டத்தில், ஒரே இடைவெளியில் வெள்ளைக் கட்டங்கள் வந்தால் கண் வேறெங்கும் போகாது. உயரத்தை மட்டும் சொல்லி அகலத்தைச் சொல்லாத அறிக்கை பாதி அறிக்கைதான்.

அடுத்தது, எங்கிருந்து பார்க்கிறோம் என்பது. பொத்தைக்கே உரிய ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. பெரிய மலைச்சரிவுக்கு எழுதிய வழிமுறைகளை அப்படியே எடுத்துப் போட்டால் இது தவறிவிடும். உதாரணத்துக்கு, பொத்தை 100 மீட்டர் உயரம், அதற்கு 5 கிலோமீட்டர் பின்னால் 1,000 மீட்டர் மலை என்று வைப்போம். குளத்துக்கரையிலிருந்து, அதாவது 3 கிலோமீட்டரிலிருந்து, பொத்தையின் தலை அடிவானத்துக்கு மேல் 2 டிகிரிதான் எழும். பின்மலை 7 டிகிரி எழும். வீடுகளுக்குப் பின்னால் மலையின் கரும்பச்சை இருக்கும், ஓரளவு அதில் அடங்கிவிடும். ஊரின் மேலத்தெருவுக்கு வாருங்கள், பொத்தையிலிருந்து அரை கிலோமீட்டர். இப்போது பொத்தை 11 டிகிரிக்கு மேல் எழுந்து, பின்மலையின் 10 டிகிரியை விழுங்கிவிடுகிறது. மலை மறைந்துபோய், பொத்தையின் முதுகு நேராக வானத்தில் நிற்கிறது. அந்த முதுகில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தாலே போதும், வானத்தில் வைத்த மாதிரி தெரியும். உங்கள் அறிக்கையின் நான்கு படங்களில் மூன்று தூரத்திலிருந்து எடுத்தவை, நான்காவது திட்ட வாசலிலிருந்து எடுத்தது என்கிறீர்கள். மேலத்தெருவிலிருந்து ஒன்றுகூட இல்லை.

ஆக, பார்வை இடங்களை நீங்களே குறித்துக் கொடுங்கள். மேலத்தெரு முனை, ஊர்க்குளத்தின் கரையும் உபரித் தண்ணீர் வழியும் மறுகாலும், அம்மன் கோயில் வாசல், பள்ளிக்கூடத் திடல், கடையம் மெயின் ரோட்டில் மரமில்லாமல் திறந்து கிடக்கும் இடம். திருநெல்வேலியிலிருந்து அம்பை வழியாகத் தென்காசி போகும் ரயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆழ்வார்குறிச்சி, ரவணசமுத்திரம், கீழக்கடையம் என்று போகையில் இடது பக்க ஜன்னல் முழுக்க மலைதான். அந்தப் பக்கம் இடம் பிடிக்கவே முந்துகிறவர்கள் உண்டு. தோரணமலை மாதிரி உயரமான கோயிலிலிருந்து அந்தப் பொத்தை தெரியுமானால் அதுவும் முக்கியம். மேலிருந்து பார்க்கிறவருக்குச் சுவரைவிடக் கூரைதான் தெரியும், அதுவும் சோலார் தகடு வெயிலில் அடிக்கிற பளபளப்போடு.

இதில் வெளிநாட்டு முறையோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. பிரிட்டனில் புழங்கும் வழிகாட்டு நெறிகள், குடியிருப்பவர்களையும் காட்சியை ரசிக்க வந்தவர்களையும் அதிகம் பாதிக்கப்படுகிறவர்கள் என்கின்றன. வேலையிடத்தில் இருப்பவர்களுக்குக் கவனம் வேலையில்தான் என்று குறைவாக மதிப்பிடுகின்றன. ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பொருந்தலாம். வயக்காட்டில் நாற்று நடுகிறவருக்கும் மாடு மேய்க்கிறவருக்கும் எப்படிப் பொருந்தும்? கார் சாகுபடி நேரத்தில் மேற்கே மேகம் இறங்குகிறதா, சாரல் வருமா என்று மலையைப் பார்த்தே வேலையைத் திட்டமிடுகிறவர்கள் அவர்கள். உங்கள் அறிக்கை வயலில் இருப்பவர்களைக் ‘குறைந்த உணர்திறன்’ பத்தியில் போட்டிருந்தால், அந்த வகைப்பாட்டையே கேள்வி கேளுங்கள்.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர்க்கூட்டத்தில் எல்லாரையும் சமாதானப்படுத்துவது படம்தான். நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பார்த்தால் போனில் எடுத்தது போலத் தெரிகிறது. போன் கேமராவின் சாதாரண லென்ஸ், ஃபிலிம் காலத்துக் கணக்கில் 24 முதல் 26 மில்லிமீட்டர் வரை வரும். அகலமாக அள்ளும், தூரத்தில் இருப்பதைச் சுருக்கிவிடும். காட்சி மதிப்பீட்டுக்கு 50 மில்லிமீட்டர் லென்ஸ்தான் வழக்கம். இரண்டுக்கும் நடுவே மலை ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. அச்சிடும் அளவும் சேர்ந்துகொள்ளும். 50 மில்லிமீட்டர் படத்தை ஏ3 தாளின் முழு அகலத்துக்கு அச்சிட்டு, கை நீட்டும் தூரத்தில் பிடித்தால் நேரில் பார்க்கும் அளவே படத்திலும் இருக்கும். அறிக்கையில் இருப்பதோ ஏ4 பக்கத்தில் 17 சென்டிமீட்டர் அகலப் படம். அதைச் சரியான அளவில் பார்க்க வேண்டுமானால் மூக்கிலிருந்து 12 சென்டிமீட்டரில் பிடிக்க வேண்டும்! எந்தக் கேமரா, எந்த லென்ஸ், எந்த இடம், எத்தனை மணி என்று ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது விளம்பரப் படம், அவ்வளவுதான்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், நம் பக்கம் மலை மேற்கே இருக்கிறது. காலையில் வெயில் கிழக்குச் சரிவில் நேராக அடிக்கும். சுவரின் நிறமும் ஜன்னல் கண்ணாடியும் அப்போதுதான் முழுசாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் மங்கித் தட்டையாகிவிடும். அறிக்கைக்காரர்கள் படமெடுக்க வருவது பெரும்பாலும் அந்த நேரம்தான். நாலு மணிக்கு மேல் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்க, சரிவு இருண்டு வெறும் விளிம்பு மட்டும் நிற்கும். அப்போது நிறம் பொருட்டே இல்லை. முதுகுக்கோட்டை எது உடைக்கிறது என்பது மட்டும்தான் கேள்வி. ஆகவே ஒவ்வொரு இடத்துக்கும் காலைப் படம் ஒன்று, சாயங்காலப் படம் ஒன்று வேண்டும். பருவமும் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் மலை மேகத்துக்குள் இருக்கும், இந்தப் பக்கம் காற்றில் புழுதி. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்த மறுநாள் எடுத்தால் பாறை பாறையாக எண்ணலாம். மங்கலான நாளில் எடுத்த படத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இரவைப் பற்றி உங்கள் அறிக்கையில் ஒரு வார்த்தை கூட இல்லை. இன்று அந்தச் சரிவு இருட்டு. 120 வீட்டு வாசல் விளக்கு, தெருவிளக்கு, சுற்றுச்சுவர் விளக்கு எல்லாம் வந்தால் பகலில் கவனிக்காதவர்களும் கவனிப்பார்கள். பக்கத்துக் காடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது என்பதால் இது வெறும் தோற்றப் பிரச்சினையும் இல்லை, வனத்துறையும் கவனிக்க வேண்டியது.

இத்தனை சொல்லிவிட்டாலும், என் அனுபவத்தில் மலைச்சரிவைக் கெடுப்பது வீட்டைவிட வீட்டுக்குப் போகும் வழி. 30 டிகிரி சரிவில் 6 மீட்டர் ரோடு போடுவதாக எடுத்துக்கொள்ளுங்கள். மேல்பக்கத்தை 45 டிகிரிக்கு வெட்டிச் சாய்த்தால் வெட்டுமுகம் 8 மீட்டருக்கு மேல் எழும். 20 டிகிரி சரிவில் அதே ரோட்டுக்கு மூன்றரை மீட்டர் போதும். சரிவு கொஞ்சம் கூடினாலே வெட்டு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. செங்குத்தான பகுதியில் வெட்டுமுகம் ஏறக்குறைய வீட்டு உயரத்துக்கே வந்துவிடுகிறது. வீடாவது விட்டு விட்டு நிற்கும், ரோடு விடாமல் வளைந்து வளைந்து ஏறும். மேல் மண் போனதும் செம்மண்ணும் மட்கிய பாறையும் வெளியே வரும். உடைமரமும் விடத்தேரும் பிடிக்கிற வறண்ட சரிவில் அந்தச் சிவப்பு ஆறுவதற்குப் பல வருஷம் ஆகும். கருங்கல் வரைக்கும் வெட்டினால் ஆறவே ஆறாது. கல் குவாரிகள் தின்ற பொத்தைகளை நெல்லையைச் சுற்றி எத்தனை பார்க்கிறோம். வீட்டுக்குச் சமதளம் எடுக்க ஒவ்வொரு மனைக்கும் ஒரு வெட்டு, தாங்குசுவர், சரிவில் படிப்படியாக ஏறும் காம்பவுண்ட் சுவர். மாதிரிப் படத்தில் இவை எதுவும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பச்சைச் சரிவில் வில்லாக்கள் மட்டும் ஒட்டியிருக்கின்றன. ரோட்டின் நீள்வெட்டு, குறுக்குவெட்டு வரைபடங்களைக் கேளுங்கள். அவை இல்லாமல் யாரும் சரியான படம் வரைய முடியாது, வரைந்திருந்தால் கற்பனையில் வரைந்தது.

நிறுவனத்தார் சொல்லக்கூடிய பதில்களும் இருக்கின்றன. ‘ஏற்கெனவே காற்றாலை நிற்கிறது, குவாரி இருக்கிறது, காட்சி கெட்டுத்தானே கிடக்கிறது’ என்பார்கள். பணகுடி, முப்பந்தல் பக்கம் அந்த வாதத்துக்குக் கொஞ்சம் எடை இருக்கலாம். உங்கள் பொத்தையிலிருந்து அப்படி எது தெரிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். இருந்தாலும், இருப்பதோடு இது சேர்ந்தால் மொத்தம் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் முறை. முன்பே கெட்டது மேலும் கெடுக்க அனுமதி ஆகாது. ‘மலை மேல் கோயில் இல்லையா, பண்பொழித் திருமலைக்கு ரோடு போகவில்லையா’ என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அங்கேயும் ரோட்டு வெட்டு தெரியத்தான் செய்கிறது. ஆனால் குன்றின் தலையில் ஒற்றையாக நிற்கும் கோபுரம் ஊருக்கே அடையாளம். சரிவு முழுக்கப் பரவும் 120 கூரை அந்தக் கணக்கில் வராது.

‘மரம் நட்டு மறைத்துவிடுவோம்’ என்பது எல்லா அறிக்கையிலும் வரும் கடைசி வரி. எந்த மரம், யார் தண்ணீர் ஊற்றுவது, எத்தனை வருஷத்தில் எவ்வளவு உயரம் என்று கேட்டால் பதில் வராது. நெட்டிலிங்கத்தையும் அலங்காரப் பனையையும் வரிசையாக நட்டால் மறைப்பதற்குப் பதில் கோடு போட்டுக் காட்டும். கீழ்ச்சரிவில் மண் ஆழமுள்ள இடத்தில் வேம்பு, புங்கு, வாகை, இலுப்பை என்று கலந்து, ஒழுங்கில்லாமல் நட்டால் பலன் உண்டு. மேலே பாறையில் எதுவும் எழாது. கட்டி முடித்த முதல் வருஷத்துக்கு ஒரு படம், 15 வருஷம் கழித்து மரம் வளர்ந்த பிறகு ஒரு படம் என்று இரண்டும் கேட்பது மற்ற நாடுகளில் சாதாரணம்.

முழுத் திட்டமும் வேண்டாம் என்பது உங்கள் நிலையாக இருந்தால் நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அது கிடைக்காமல் போனால் கேட்க வேண்டியதையும் கையில் வைத்திருங்கள். சரிவு சட்டென்று செங்குத்தாகும் மட்டத்துக்கு மேல் எதுவும் வரக்கூடாது என்று உயரக்கோட்டோடு எழுதிக் கேளுங்கள். மேல் வரிசை 30, 40 வீடுகளை இறக்கினாலே முதுகுக்கோடும் ரோட்டு வெட்டின் மோசமான பகுதியும் தப்பிவிடும், மற்ற எல்லா நிபந்தனைகளும் சேர்ந்து செய்வதைவிட இது பெரிது. நீலகிரியில் 1993 முதல் 7 மீட்டர் உயரக் கட்டுப்பாடு வைத்திருந்ததை முன்னுதாரணமாகக் காட்டலாம். தண்ணீர்த் தொட்டி பொத்தையின் தலையில் வேண்டாம். வெள்ளைச் சுவர் வேண்டாம். செம்மண், சாம்பல், மங்கிய பச்சை போதும். விளக்கு கீழ்நோக்கி மட்டும்.

அப்புறம், படத்தைப் பார்த்துச் சண்டை போடுவதைவிட எளிதான வழி ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தில் கட்டட அனுமதி கேட்கிறவர், வரப்போகும் கட்டடத்தின் மூலைகளிலும் கூரை உயரத்திலும் கம்பங்களை நட்டு எல்லாருக்கும் காட்ட வேண்டும். நம் ஊரில் அப்படிச் சட்டம் இல்லை, கேட்கத் தடையும் இல்லை. மேல் வரிசை மனைகளில் மட்டும் 9 மீட்டர் சவுக்குக் கம்பு நட்டு, நுனியில் வெள்ளைத் துணி கட்டி, ஒரு வாரம் விடச் சொல்லுங்கள். பாதிப்பு குறைவு என்று உண்மையாகவே நம்புகிறவர்களுக்கு இதில் செலவு சில ஆயிரம்தான். மாட்டேன் என்றால் அந்த மறுப்பையே மனுவில் எழுதுங்கள்.

விண்ணப்பம் போட்டுவிட்டார்களா என்று சுற்றுச்சூழல் அனுமதிக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் தேடலாம். லேஅவுட் வரைபடம் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போயிருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நகல் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அது கைக்கு வரும் வரை காத்திருக்காமல், இப்போது இருக்கிற காட்சியைப் படமெடுத்து வைத்துவிடுங்கள். குறித்த ஒவ்வொரு இடத்திலிருந்தும் காலை ஏழு மணிக்கு ஒன்று, மாலை ஐந்து மணிக்கு ஒன்று, இருட்டிய பிறகு ஒன்று. நிற்கும் இடத்தில் ஓர் அடையாளம் வைத்து, கேமராவைக் கண் உயரத்தில் பிடித்து, லென்ஸ் அளவையும் தேதியையும் எழுதி வையுங்கள். ஜே.சி.பி. ஏறின பிறகு அந்தப் படத்தை யாராலும் எடுக்க முடியாது.